ஏழாவது விநாடி

வால்பரைசோவில் துறைமுகப் பாரந்தூக்கிகள்
மூடுபனிக்குள் கழுத்தை நுழைத்திருந்த ஒரு செவ்வாய்.
ஊடகவியல் மூன்றாம் ஆண்டு, பதினான்காம் எண் அறை.
ஹீட்டர் வேலை செய்யவில்லை. ப்ரொஜெக்டர் செய்தது.
பேராசிரியர் இதுர்ரியாகா
அந்த முகத்தைத் திரையில் போட்டார்.

சிரித்தோம்.
அதைப் பார்த்ததும் சிரிப்பது எங்களுக்கு அனிச்சை,
சிவப்பு விளக்கில் கால் நிற்பதுபோல.

மொத்தமே ஆறு விநாடி.
சிற்றுந்து ஜன்னல், பச்சை மஃப்ளர், ஒரு பெண்.
மூக்கு சிவந்து, கண் இடுங்கி, உதடு கோணி
கூரையைப் பார்த்து வாய் திறக்கிறாள்.
அங்கே வெட்டு.
மறுபடி ஜன்னல், மறுபடி மஃப்ளர்.

திங்கட்கிழமை என்று அதன்மேல் எழுதினார்கள்.
அவன் பார்த்துவிட்டான், பதில் போடவில்லை என்று எழுதினார்கள்.
மெக்சிகோவில் தோற்றுப்போன கால்பந்து அணிக்கு அது முகமானது.
கொரியாவில் எவனோ பூனைக்காது ஒட்டினான்.
சாந்தியாகோவின் மெத்தைக் கம்பெனி ஒன்று
யாரையும் கேட்காமல்
பேருந்துகளின் முதுகில் அவளை ஏற்றியது:
'அழுதது போதும். நாற்பது சதவீதம் தள்ளுபடி.'

எங்கள் குழு ஆய்வும் அவளைப் பற்றித்தான்.
'துயரத்தின் பகிர்வு மதிப்பு' – தலைப்பு என்னுடையது.
பதினொரு ஸ்லைடு, ஏராளமான அம்புக்குறிகள்,
எந்த நாட்டில் எத்தனை மணிக்கு எவ்வளவு பேர் என்று
எங்கள் ஊர்க் குன்றுகளைப்போல
ஏறி இறங்கும் ஒரு வளைகோடு.
"இந்த முகத்தில்
ஒரு தலைமுறையின் களைப்பு இருக்கிறது" என்றேன்.
சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.
இதுர்ரியாகா எதையோ குறித்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் ஒரு கை.
மிய்யராய் லெஃபிமான்.
இரண்டு வருடமாய் எங்களோடுதான் படிக்கிறாள்.
ஒட்ட வெட்டிய முடி, தடித்த கண்ணாடி.
நான் அவளிடம் சார்ஜர்கூடக் கடன் வாங்கியிருக்கிறேன்.

"அது தும்மல்" என்றாள்.

யாருக்கும் பிடிபடவில்லை.

"எதிர் சீட்டில் ஒருத்தன்
மிளகாய்த்தூள் போட்ட வேர்க்கடலை தின்றான்.
எனக்குத் தும்மல் வந்துகொண்டிருந்தது.
ஏழாவது விநாடியில் தும்மினேன்.
சுகமாக இருந்தது.
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டேன்."

அந்த மஃப்ளர் இப்போது எங்கே என்று ரெனாட்டோ கேட்டான்.
அக்காவுக்குக் கொடுத்தாளாம்.
அக்கா கட்டுவதில்லையாம்,
தெருவில் பையன்கள் அழுதுகாட்டுகிறார்களாம்.

மெத்தைக்காரர்கள்மேல் வழக்குப் போடவில்லையா, இது பேராசிரியர்.
"கடிதம் போட்டேன், ஒரு மெத்தை கேட்டு.
கூப்பன் அனுப்பினார்கள். நாற்பது சதவீதம்."

அன்று இரவு நாங்கள் நாலு பேரும்
விடியும்வரை தேடினோம்.
முதலில் ஏற்றியவனின் கணக்கு இல்லை.
எத்தனையோ லட்சம் பிரதிகள்,
காது வைத்தவை, பாட்டு வைத்தவை, தலைகீழானவை.
எல்லாம் ஆறோடு நின்றன.
வாய் திறந்தபடியே இருந்தது.

ஆய்வுக்கு மதிப்பெண் வந்தது:
ஏழுக்கு ஆறு.

எங்கள் ஊரில் ஒருவர் தும்மினால்
பக்கத்திலிருப்பவர் சும்மா இருக்கக்கூடாது.
முதல் தும்மலுக்கு ஆரோக்கியம் என்று சொல்ல வேண்டும்,
இரண்டாவதற்குப் பணம்,
மூன்றாவதற்குக் காதல்.
பேருந்தில் முகம் தெரியாதவர்களுக்கும் சொல்வோம்.

அக்டோபர். சாலை மரங்களின் பஞ்சுத்தூள்
ஜன்னல் வழியே வகுப்புக்குள் மிதந்து வந்தது.
மிய்யராய் கண்ணாடியைக் கழற்றினாள்.
மூக்கு சிவந்தது.
கண் இடுங்கியது.
உதடு கோணியது.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்.
அதற்காகத்தான் என் வாய் திறந்தது.
கை முந்திக்கொண்டது.

மூன்று முறை தும்மினாள், அடுத்தடுத்து.
பணமும் காதலும்
சொல்ல ஆளில்லாமல் தரையில் விழுந்தன.
முப்பது போன்கள் அவள் பக்கம் நிமிர்ந்திருந்தன.
அவள் யாரையும் பார்க்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

என்னிடம் இருக்கிறது இப்போது
ஏழாவது விநாடி.
துல்லியமாக, நல்ல வெளிச்சத்தில்.
யாருக்கும் அனுப்பவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
அழிக்கவும் இல்லை.